அப்பா வெளியூர்ல, பையன் இங்க: ரெண்டு பேரும் ஒரே புக் படிக்க என்ன வழி?

மடிப்பாக்கம்_அம்மா:
வீட்டுக்காரருக்கு ராய்ப்பூர் சைட்ல வேலை, மூணு மாசத்துக்கு ஒருவாட்டிதான் வருவாரு. பையன் நாலாவது. வீடியோ கால்ல சாப்டியான்னா ம்ம், படிச்சியான்னா ம்ம், அவ்ளோதான். என் சின்ன வயசுல எங்கப்பாவும் வெளியூர்தான், ஆனா அவரு அங்க ஒரு அம்புலிமாமா வாங்குவாரு நாங்க இங்க ஒண்ணு, வேதாளம் கேள்வி கேக்குற இடத்தோட நிறுத்திடணும், பதில் இருக்குற பாராவை அம்மா குண்டூசி குத்தி மூடிடுவாங்க, என் பதிலை இன்லேண்ட் லெட்டர்ல எழுதிப் போட்டு அப்பா பதில் வந்தப்புறம்தான் ஊசிய எடுப்போம். இவங்களுக்கும் அத ஆரம்பிக்கலாமான்னு பாக்குறேன். பையன் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், அதான் யோசனை.

கூழாங்கல்:
தாராளமா பண்ணுங்க. நேரு 1928 கோடையில அலகாபாத்லேர்ந்து முசோரிக்கு இந்திராவுக்கு எழுதினதெல்லாம் இப்படித்தானே, அப்ப அவங்களுக்கு 10 வயசு. ஒரு உருண்டை கூழாங்கல் எப்படி வழவழன்னு ஆச்சுன்னு சொல்லிக்குடுத்தே பூமியோட கதைக்குள்ள கூட்டிட்டுப் போயிடுவாரு. என் பேரு அங்கேர்ந்து எடுத்ததுதான் :)

சிவப்பு_மை:
நேரு சரி, ஆனா அதுல அப்பா மட்டும்தான் பேசுறாரு, பொண்ணு என்ன சொல்லிச்சுன்னே நமக்குத் தெரியல. எங்கப்பா என் லெட்டரையே சிவப்பு மையில திருத்தி திருப்பி அனுப்புவாரு, ஒருவாட்டி 'பள்ளி'ய 'பல்லி'ன்னு எழுதினதுக்கு ஒரு பக்கம் அட்வைஸ். ஹாஸ்டல்ல நாலு பேரு முன்னாடி பிரிச்சு அழுதேன், அதோட எழுதுறத விட்டுட்டேன். உங்க வீட்டுக்காரர் கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, தப்பு இருந்தா கண்டுக்கவே கூடாது.

கூழாங்கல்:
@சிவப்பு_மை கஷ்டமா இருக்குங்க. ஆனா 1930ல நைனி ஜெயில்லேர்ந்து எழுதின பிறந்தநாள் லெட்டர்ல, உபதேசம் பண்ணாம பேசி விவாதிச்சுதான் எது சரின்னு தெரிஞ்சுக்கணும்னு நேருவே எழுதியிருக்காரு. அப்புறம் அதே ஜெயில் லெட்டர்கள்ல கிட்டத்தட்ட 200 வரைக்கும் போனாரு, அது வேற விஷயம்.

மடிப்பாக்கம்_அம்மா:
அப்டேட். வேதாளம் கதை புக் ரெண்டு காப்பி வாங்கி ஒண்ணு அங்க அனுப்பிட்டேன். முதல் லெட்டர் நேத்து வந்துச்சு, பெரிய பெரிய எழுத்துல, நாலே வரி. இவன் அவசரத்துல ஒட்டின இடத்துல கிழிச்சிட்டான், கேள்வியில பாதி போச்சு. மீதி என்னன்னு அவனே போன் போட்டு கேட்டான், இருபது நிமிஷம் ராஜா செஞ்சது தப்பா இல்லையான்னு ஒரே சண்டை, தோசை ஆறிப்போச்சு.