மறு: பெர்சனலைசேஷன் – தேடல் முடிவுகளுக்கு எந்தச் சொல்?

அனைவருக்கும் வணக்கம். தேடுபொறி ஆளுக்குத் தக்கபடி முடிவுகளை மாற்றிக் காட்டுவதை ஆங்கிலத்தில் ‘பெர்சனலைசேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்ற குழுவின் கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘தனிப்பயனாக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

செயலிகளின் அமைப்புப் பக்கத்துக்கு அது போதும், ஐயா. எழுத்தைப் பெரிதாக்குவதும் பின்னணியைக் கறுப்பாக்குவதும் நானே எனக்காகச் செய்துகொள்பவை. தேடுபொறியில் நான் எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை. என் பழைய தேடல்களையும் சொடுக்குகளையும் பார்த்து, பொறியே பக்கங்களை மேலும் கீழும் நகர்த்துகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் செய்தது யார் என்பதே மறைந்துவிடும். பயன் யாருக்கு என்பது தனி வழக்கு!

கூகுள் முதலில் கணக்கில் நுழைந்து தேடியவர்களுக்குத்தான் இப்படி வரிசையை மாற்றிக் கொடுத்தது. 2009 டிசம்பரில் நுழையாதவர்களுக்கும் விரித்தது. உலாவியில் கிடக்கும் குக்கியை (தளங்கள் விட்டுச்செல்லும் சிறு அடையாளக் கோப்பு) வைத்து 180 நாள் தேடல்களைக் கணக்கில் எடுத்தது. அப்புறம் ‘கூகுளில் முதலிடம்’ என்று யார் சொன்னாலும் ‘எவர் திரையில்?’ என்று கேட்க வேண்டியதாயிற்று. தன் கடையின் தளத்தைத் தானே ஓயாமல் திறந்து பார்க்கும் முதலாளிக்கு அது மேலே தெரியும். வாடிக்கையாளருக்கு இரண்டாம் பக்கத்தில் கிடக்கும். தளம் அமைத்துக் கொடுப்பவர்கள் எல்லாருக்கும் இந்தப் பஞ்சாயத்து பழக்கம்தான்.

> ‘ஆளறி தேடல்’ எப்படி?

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் முகமறிதல், குரலறிதல் எல்லாம் வந்துவிட்ட காலத்தில், ஆளைக் கண்டுபிடிக்கும் கருவி என்றே படிப்பார்கள். காவல்துறைக்கு விட்டுவிடலாம்.

> ‘ஆள்சார் தரவரிசை’?

பாதி சரி. ‘தர’ உறுத்துகிறது. தரம் என்றால் எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று இருப்பதாகத் தோன்றும்; இங்கே ஆளுக்கொரு வரிசை. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் அறிக்கைக் கருவியான சர்ச் கன்சோல் காட்டும் எண்ணையே பாருங்கள். ஒரு பக்கம் ஒருவருக்கு 3-ஆம் இடத்திலும் இன்னொருவருக்கு 9-ஆம் இடத்திலும் தோன்றியிருந்தால் அங்கே சராசரி 6 என்று நிற்கும். அந்த 6-ஆம் இடத்தில் அதை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே வெறும் ‘ஆள்சார் வரிசை’ போதும் என்பது என் கட்சி.

இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். ‘முருகன் கோயில்’ என்று மதுரையில் தட்டுபவருக்குத் திருப்பரங்குன்றமும் கோலாலம்பூரில் தட்டுபவருக்குப் பத்துமலையும் முன்னால் வந்தால், அதற்கு அவர்களுடைய வரலாறு எதுவும் தேவையில்லை. இருக்கும் ஊர் போதும். மறைநிலைச் சாளரத்தில் (உலாவி வரலாற்றைச் சேமிக்காத ‘இன்காக்னிட்டோ’) தேடினாலும் ஐபி முகவரி, அதாவது இணைய இணைப்பின் எண், ஊரைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆள் பார்த்து மாற்றுவது மிகக் குறைவு, பெரும்பாலும் இடமும் சற்று முன் தேடியதும்தான் காரணம் என்று 2018-இல் கூகுள் தரப்பே சொன்னது. அதை அப்படியே நம்ப வேண்டும் என்றில்லை. ஆனால் ‘இடஞ்சார் வரிசை’ என்று தனிச்சொல் இல்லாவிட்டால் அந்த வாதத்தைத் தமிழில் எழுதிப் பார்க்கவே முடியாது.

பெயர்ச்சொல் இரண்டும் எனக்கு நிறைவு. வினைதான் இடிக்கிறது: ‘ஆள்சார்ந்து வரிசைப்படுத்து’ ஒரு பொத்தானில் அடங்காது. குறுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ‘ஆள்மயமாக்கு’ மட்டும் வேண்டாம்.

அன்புடன்.