ஹம்பக்கர் கிட்டார், 15 வாட் வால்வு ஆம்ப்: முதலில் மாற்ற வேண்டியது ஸ்பீக்கரா, பிக்கப்பா?

மீட்டுவிரல்:

கிட்டாரில் இரண்டு ஹம்பக்கர் (இரண்டு கம்பிச்சுருள் உள்ள பிக்கப், தந்தியின் அசைவை மின்சிக்னலாக மாற்றும் பாகம்), ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம், தனி டோன். பிரிட்ஜ் பக்கம் (தந்திகள் கட்டப்பட்ட அடிமுனை) செராமிக் காந்தம், மல்டிமீட்டரில் 15.2 கிலோ ஓம். நெக் பக்கம் (கழுத்துப் பக்கம்) அல்நிகோ 5 காந்தம், 7.8 கிலோ ஓம். ஆம்ப் 15 வாட் வால்வு காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். பின்பக்கம் திறந்த பெட்டி, 8 ஓம் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. ஸ்பீக்கரின் காந்தத்தில் 30 வாட் என்று இருக்கிறது, வேறு விவரம் எதுவும் இல்லை. கேபிள் 6 மீட்டர்.

பிரச்சினை இரண்டு. ஆம்பின் சத்தத்தை ஏற்றினால் பிரிட்ஜ் பிக்கப்பில் மெல்லிய தந்திகள் காதைக் குத்துகின்றன. ட்ரெபிளைக் குறைத்தால் ஒலி மங்குகிறதே தவிர குத்தல் போவதில்லை. நெக் பிக்கப்பில் தடித்த தந்திகளில் கார்டு பிடித்தால் சுரங்கள் பிரிந்து கேட்பதில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

இப்போதைக்கு ஏதாவது ஒன்றைத்தான் மாற்ற முடியும். எதில் தொடங்கலாம்? ஸ்பீக்கர் என்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கோன்காகிதம்:

ஸ்பீக்கர். கிட்டார் ஸ்பீக்கர் ஹை-ஃபை ஸ்பீக்கர் மாதிரி வந்ததை வந்தபடி கொடுப்பதில்லை. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கரில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு இருக்கும். 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் ஒலி செங்குத்தாகச் சரியும். அந்த மேடு எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம் என்பதில்தான் ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். நீங்கள் சொல்லும் குத்தல் அந்த இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ட்ரெபிள் குமிழ் அதைவிட மிக அகலமான பகுதியைத் தூக்கி இறக்குகிறது. அதனால்தான் குறைக்கும்போது நல்லதும் சேர்ந்து போய்விடுகிறது.

வால்வு ஆம்பில் இன்னொரு காரணமும் உண்டு. 8 ஓம் என்பது பெயரளவுதான். ஸ்பீக்கரின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) அதன் இயல் அதிர்வெண்ணில், அதாவது 75 ஹெர்ட்ஸ் அருகே, பல மடங்கு எகிறும். பிறகு இறங்கி, 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மறுபடி ஏறும். பெரும்பாலான டிரான்சிஸ்டர் ஆம்புகள் இதைக் கண்டுகொள்வதில்லை. வால்வு ஆம்ப், அதுவும் எதிர்ப் பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி ஆம்பைக் கட்டுப்படுத்தும் சுற்று) இல்லாத சிறிய ஆம்ப், மின்மறுப்பு ஏறும் இடத்திலெல்லாம் அதிக மின்னழுத்தம் கொடுக்கும். எனவே ஸ்பீக்கரை மாற்றினால் ஆம்பின் நடத்தையே மாறும்.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் ஓம். 8 ஓம் முனைக்கு 8 ஓம் ஸ்பீக்கர்தான், இதில் விளையாட வேண்டாம். மீட்டரில் நேர்மின் தடையை அளந்தால் 6 அல்லது 7 ஓம் காட்டும், அது சரியே. 16 ஓம் ஸ்பீக்கர் 11 முதல் 13 வரை காட்டும்.

அடுத்து வாட். 15 வாட் என்பது தெளிவான ஒலிக்கான கணக்கு. ஆம்பை முழுக்கத் திணறடித்தால் 20 வாட்டுக்கு மேலேயும் போகும். ஒற்றை ஸ்பீக்கர் என்பதால் 30 வாட்டுக்குக் குறையாமல் எடுங்கள். செலஸ்டியன் ப்ளூ 15 வாட் ஸ்பீக்கர். ஒலி அருமையாக இருக்கும், ஆனால் இந்த ஆம்பில் ஒற்றையாக மாட்டினால் அதன் காயில் (உள்ளே உள்ள கம்பிச்சுருள்) கருகும் அபாயம் உண்டு.

பலரும் பார்க்காமல் விடுவது டெசிபல் எண்ணை, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவை. 97 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 100 டெசிபல் ஸ்பீக்கர் மாட்டுவது ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். டிரம்ஸோடு வாசிக்கச் சத்தம் போதவில்லை என்றால் 100 நல்லது. அறைக்குள் வாசிப்பவருக்கு 96, 97 போதும். அப்போது பவர் வால்வுகளை இன்னும் கொஞ்சம் உழைக்கவிடலாம். உங்கள் குத்தலுக்கு செலஸ்டியனின் கிரீன்பேக் சாயலில், ஆனால் வாட் கூடுதலாக வரும் க்ரீம்பேக் வகை பொருந்தும். அதன் மேல் நடுப்பகுதி மென்மையானது. விண்டேஜ் 30 வேண்டாம். அது 100 டெசிபல், மேல் நடுப்பகுதி தூக்கலாக இருக்கும். மங்கலான ஆம்புக்கு மருந்து, உங்களுக்கு விஷம்.

ஓம்விதி:

வாங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். ஸ்பீக்கரைப் பற்றி மேலே உள்ளதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெக் பக்கக் குழைவு ஸ்பீக்கரால் மட்டும் வருவதாகத் தெரியவில்லை.

பிக்கப்பை ஓம் வைத்து எடைபோடாதீர்கள். அதே சுற்றுகளை 42 எண் கம்பிக்குப் பதில் இன்னும் மெல்லிய 43 எண்ணில் சுற்றினால் தடை கால் பங்குக்கு மேல் கூடும், ஒலியோ அந்த அளவு மாறாது. பார்க்க வேண்டியது ஹென்றி, அதாவது தூண்டம். பிக்கப்பின் தூண்டமும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு மேட்டை உண்டாக்குகின்றன. கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று வையுங்கள். மொத்தம் 600 பிகோஃபாரட் வந்தால், 2.3 ஹென்றி சிங்கிள் காயில் (ஒரே கம்பிச்சுருள்) பிக்கப்பின் மேடு 4.3 கிலோஹெர்ட்ஸ் அருகே நிற்கும். 4.4 ஹென்றி உள்ள பழைய பாணி ஹம்பக்கருக்கு 3.1. 8 ஹென்றி உள்ள உரத்த செராமிக் பிக்கப்புக்கு 2.3.

இப்போது உங்கள் பிரிட்ஜ் பிக்கப்பைப் பாருங்கள். 15 கிலோ ஓம் செராமிக் என்றால் அநேகமாக 7, 8 ஹென்றி இருக்கும். அதன் மேடும் ஸ்பீக்கரின் மேடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அதற்கு மேலே உள்ள பளபளப்பை பிக்கப் கொடுப்பதே இல்லை. குத்தலும் மங்கலும் சேர்ந்தே இருப்பதற்கு விடை இதுதான்.

காசு செலவில்லாமல் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் துருவத் திருகுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். பிரிட்ஜ் பக்கம் 1.6 மி.மீ., நெக் பக்கம் 2.4 மி.மீ. தொடக்க அளவு. உரத்த செராமிக்கை 2.5 வரை இறக்கலாம். நெக்கில் தடித்த தந்திப் பக்கத்தை 3 மி.மீ. வரை இறக்கி, மெல்லிய தந்திகளின் துருவத் திருகுகளை அரைச் சுற்று ஏற்றுங்கள். அருகில் இருக்கும் பிக்கப் தடித்த தந்தியின் பெரிய அசைவை அப்படியே ஆம்புக்குள் திணிக்கிறது. குழைவில் பாதி அங்கேயே பிறக்கிறது.

3 மீட்டர் கேபிள் கிடைத்தால் மாட்டிப் பாருங்கள். 4.4 ஹென்றி பிக்கப்பின் மேடு 3.1இலிருந்து 4.4 கிலோஹெர்ட்ஸ் அருகே போகும்.

வால்யூம் பாட்டையும் (குமிழுக்கு அடியில் உள்ள மாறுதடை) அளந்துவிடுங்கள். பிக்கப்பிலிருந்து வரும் கம்பியைப் பாட்டிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு ஓர முனைகளுக்கு நடுவே அளக்க வேண்டும். எடுக்காமல் அளந்தால் பிக்கப்பின் 7.8 கிலோ ஓமைத்தான் மீட்டர் காட்டும். 500 கிலோ ஓம் பாட்டில் 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது வழக்கம், 400 வரை சரி. அதற்குக் கீழே போனால் மேடு அமுங்கும்.

வால்வுச்சூடு:

இன்னொரு சோதனை. ஆம்பின் ஸ்பீக்கர் பிளக்கைக் கழற்றிவிட்டு, வேறொரு 8 ஓம் 12 அங்குல பெட்டியை மாட்டிக் கேளுங்கள். ஆம்பை அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல் வால்வு ஆம்பில் வாசித்தால் வெளியீட்டு டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறி, காப்பு உடைந்து, டிரான்ஸ்பார்மரே போய்விடும். கிட்டார் கேபிளையும் ஸ்பீக்கர் கேபிளாகப் பயன்படுத்தக் கூடாது, உள்கம்பி மிக மெல்லியது.

வேறு பெட்டியில் குத்தல் போய்விட்டால் குற்றவாளி உங்கள் ஸ்பீக்கர்தான். போகவில்லை என்றால் பிக்கப்பையோ ஆம்பையோ பார்க்க வேண்டும். ஈக்வலைசர் பெடல் இருந்தால் 2.5 கிலோஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபல் குறைத்தும் கேளுங்கள்.

மீட்டுவிரல்:

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்ததன் விளைவு இதோ.

நெக் பிக்கப் 1.5 மி.மீ.யில் இருந்தது. 3க்கு இறக்கியதும் சுரங்கள் பிரிந்து கேட்கின்றன, இன்னும் முழுத் தெளிவு இல்லை. நெக் வால்யூம் பாட் 290 கிலோ ஓம். பிரிட்ஜ் பாட் 480. பிரிட்ஜ் பிக்கப்பை 2.4க்கு இறக்கினேன், குத்தல் கொஞ்சம் தணிந்தது. வேறு 8 ஓம் பெட்டியில் மாட்டியபோது பெரும்பகுதி போய்விட்டது.

ஆக ஸ்பீக்கர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன? 290 பாட்டை மாற்றுவது பயன் தருமா?

கோன்காகிதம்:

வாங்குமுன் காந்தத்தின் பின்புறத்திலிருந்து டிரான்ஸ்பார்மரும் வால்வுகளும் எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். புதிய ஸ்பீக்கரின் ஆழத்தோடு ஒப்பிட்டு, வால்வுக்கு விரல் அகலமாவது இடம் விடுங்கள். 12 அங்குல ஸ்பீக்கர்களின் திருகுத் துளை வட்டம் பெரும்பாலும் 297 மி.மீ. விட்டம், அதனால் துளைகள் பொருந்திவிடும்.

ஆம்பை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆம்பின் சட்டத்தைத் திறக்க வேண்டியதில்லை. திறக்க நேர்ந்தால் உள்ளே மின்தேக்கிகளில் 300, 400 வோல்ட் அணைத்த பிறகும் நிற்கும், கை வைக்காதீர்கள். பெட்டியை முகம் கீழாகக் கவிழ்த்து வைத்தால் ஸ்பீக்கர் தானாக விழாது. திருகைக் கழற்றும்போது திருப்புளி நழுவினால் கோனை (ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு) கிழித்துக்கொண்டு போகும். கோனை மறைக்க ஓர் அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு நொடிதான்.

இறுக்குவதை எதிரெதிராகச் செய்யுங்கள், ஒரு பக்கமாகச் சுற்றி வராதீர்கள். முதலில் எல்லாத் திருகுகளையும் கையால் பிடிக்கும் அளவு, பிறகு ஒவ்வொன்றாகக் கால் சுற்று. கேஸ்கெட் (ஸ்பீக்கர் விளிம்பில் உள்ள மெத்தை வளையம்) லேசாக அமுங்கியதும் நிறுத்துங்கள். முரட்டுத்தனமாக இறுக்கினால் சட்டம் வளைந்து காயில் காந்தத்தில் உரசும். மாட்டியதும் நடு மூடியின் இருபுறமும் விரல்களை வைத்துக் கோனை மெல்ல அழுத்திப் பாருங்கள். சுரண்டும் சத்தம் வந்தால் திருகுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும்.

கம்பி முனையில் செருகி இருந்தால் அகலத்தைப் பாருங்கள். 6.3 மி.மீ. செருகி 4.8 மி.மீ. முனையில் தளர்ந்து ஆடும். தொடர்பு விட்டுவிட்டு வந்தால் மேலே சொன்ன டிரான்ஸ்பார்மர் ஆபத்துதான். சால்டர் செய்வதானால் சட்டென்று முடியுங்கள், சூடு ஏறினால் கோனுக்குப் போகும் பின்னல் கம்பி அவிழும். ஒற்றை ஸ்பீக்கரில் கூட்டல் கழித்தல் மாறினாலும் ஒலியில் பெரிதாகத் தெரியாது. இரண்டாவது பெட்டி சேர்க்கும்போது தெரியும், கீழ் ஒலி காணாமல் போகும். 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் கூட்டல் முனை தொட்டதுதான் ஸ்பீக்கரின் கூட்டல்.

முதல் நாளே தீர்ப்புச் சொல்லாதீர்கள். புதிய கோனின் விளிம்பு விறைப்பாக இருக்கும். நல்ல சத்தத்தில் 10 முதல் 20 மணி நேரம் ஓடிய பிறகுதான் கீழ் ஒலி இறங்கி வரும், மேல் ஒலியின் கூர்மை மழுங்கும்.

ஓம்விதி:

290 பாட்டைக் கண்டிப்பாக மாற்றுங்கள். 500 கிலோ ஓம், ஆடியோ வகை (குமிழைத் திருப்பும்போது சத்தம் காதுக்குச் சீராக ஏறும் வகை). கடையில் மீட்டரோடு போய் 500க்கு மேல் காட்டுவதைப் பொறுக்கி எடுத்தால் இன்னும் நல்லது. கிட்டாரின் துளை 8 மி.மீ.யா, 9.5 மி.மீ.யா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டின் முதுகில் தரைக்கம்பி வைக்க 40 வாட் சால்டரிங் அயர்ன் வேண்டும். 25 வாட் அயர்ன் வைத்து நீண்ட நேரம் சூடாக்கினால் உள்ளே இருக்கும் கார்பன் பட்டை கருகிவிடும். முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஈயம் வையுங்கள்.

இதைச் செய்த பிறகும் நெக் குழைந்தால், அந்தப் பிக்கப்பில் நான்கு கம்பி வெளியே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இரண்டு காயில்களையும் தொடராக அல்லாமல் இணையாக இணைக்கலாம். தூண்டம் ஏறக்குறைய கால் பங்காகும். சத்தம் குறையும், ஆனால் இரைச்சல் நீக்கம் அப்படியே இருக்கும், சுரங்கள் மணி மாதிரி பிரியும். கம்பி நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு: சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல், வெள்ளையும் சிவப்பும் காயில்களின் நடுச்சேர்க்கை, பச்சையும் வெற்றுக்கம்பியும் தரை. டிமார்ஸியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் நடுச்சேர்க்கை, பச்சையும் வெற்றுக்கம்பியும் தரை. பிரிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் பிக்கப்பை இப்போது தொடாதீர்கள். பின்னால் மாற்றுவதானால் 8 கிலோ ஓம் சுற்றில் அல்நிகோ 5, தூண்டம் 4.5 ஹென்றி அருகே உள்ளதைப் பாருங்கள். மாற்றியதும் இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஒலி மெலிந்து மூக்கடைத்தாற்போல் இருந்தால் கட்டம் எதிராக இருக்கிறது, அதாவது ஒன்றின் அலை மற்றதன் அலையை அழிக்கிறது. ஒரு பிக்கப்பின் சிக்னலையும் தரையையும் இடம் மாற்றினால் சரியாகும். உலோக மூடி தரைக்கம்பியோடு உள்ளேயே ஒட்டியிருந்தால் மட்டும் அப்படி மாற்றாதீர்கள், மூடி சிக்னலாகிக் கை பட்டதும் இரையும்.

வால்வுச்சூடு:

ஒன்று சேர்க்கிறேன். காம்போ தரையில் முழங்காலைப் பார்த்து நின்றால், நிற்பவர் காதுக்கு 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது சரியாக வராது. அதை ஈடுகட்ட ட்ரெபிளை ஏற்றுவீர்கள், எதிரே இருப்பவருக்கு அது ஊசியாக இறங்கும். ஆம்பைப் பின்னோக்கிச் சாய்த்தோ நாற்காலி உயரத்தில் வைத்தோ, ட்ரெபிளை அங்கிருந்து கேட்டு அமையுங்கள். புதிய ஸ்பீக்கரையும் அந்த இடத்தில் வைத்தே பழையதோடு ஒப்பிடுங்கள்.

கீழ் ஒலி இன்னும் இறுக்கமாக வேண்டுமானால் பின்பக்கத் திறப்பில் ஒட்டுப்பலகைத் துண்டை மாட்டிப் பாதி மூடலாம். வால்வுகளுக்கு நேரே உள்ள பகுதியை மூட வேண்டாம், சூடு வெளியேற வழி வேண்டும்.