மெஷ் நோடு வைத்திருப்பவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

புதுவை மொட்டைமாடி

ஃபெஞ்சல் புயல் அன்று நடந்ததை எங்காவது எழுதியே ஆக வேண்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது எல்லோருக்கும் தெரியும். கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் போன் டவரும் போனது. எங்கள் நகரில் சில வீடுகளில் மெஷ்டாஸ்டிக் நோடு இருக்கிறது. டவரும் இணையமும் இல்லாமல், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ரேடியோவில் எழுத்துச் செய்தியைக் கடத்தும் சின்னப் பெட்டி அது. போன் ஆப்பில் அடித்து அனுப்பலாம். இந்தப் பெட்டிகளின் வலைதான் மெஷ். என்னுடையது மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே. அன்று வரை அதில் "வணக்கம்", "சிக்னல் வருதா" தவிர வேறு எதுவும் ஓடியதில்லை.

விடிவதற்கு முன் பொதுச் சானலில் ஒரு செய்தி வந்தது: "இடுப்பளவு தண்ணி. அம்மாவால நடக்க முடியாது. தூக்க ரெண்டு பேர் வேணும்." அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 7190. புது நோடுக்குப் பெயர் வைக்காமல் விட்டால் அதன் அடையாள எண்ணின் கடைசி நாலு எழுத்துதான் காட்டும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்த செய்தியில் விலாசம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. "எந்தத் தெரு?" என்று கேட்டேன். பதில் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம். மழைச் சத்தத்தில் தொண்டை கிழிய "மெஷ்ல மெசேஜ் போட்டது யாரு?" என்று ஒவ்வொரு வாசலாகக் கத்தினோம். ஜன்னல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி "யாருப்பா அது, படகா?" என்று கேட்டார். 7190 யார் என்று இன்று வரை தெரியாது. எங்கள் குழுவில் யாருடையதும் இல்லை.

மூணு ஹாப்

அண்ணே, தேடியது சரி. ஆனால் தேடிய இடம் சரியாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. செய்தி பொதுவாக மூன்று ஹாப், அதாவது நோடுக்கு நோடு மூன்று முறை தாவும், கூட்டி வைத்தால் ஏழு வரை போகும். அது உங்கள் தெருவிலிருந்தே வந்திருக்கத் தேவையில்லை. எத்தனை ஹாப் தாண்டி வந்தது என்று ஆப்பில் பார்த்தீர்களா? நேராக வந்திருந்தால் சிக்னல் அளவும் காட்டியிருக்கும்.

என் கதை சின்னது. தாம்பரம் பக்கம் ஒரு அடுக்குமாடி. 2023 மிக்ஜாம் மழைக்குப் பிறகு பணம் போட்டு லிப்ட் அறைக்கு மேல் ஒரு சோலார் நோடு வைத்தேன். குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் "கதிர்வீச்சு" என்று சொல்லி ஆண்டெனா ஒயரைக் கட்டிங் பிளையரால் வெட்டி, பெட்டியை என் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். அதே மாடியில் செல்போன் கம்பெனி டவர் நிற்கிறது, அதற்கு வாடகையும் வருகிறது. வெட்டுப்பட்ட அந்த ஒயரை இன்னும் வைத்திருக்கிறேன்.

அது போகட்டும். எல்லோரும் இன்றைக்கே செய்ய வேண்டியவை இருக்கின்றன. முதலில் நோடு பெயரை மாற்றுங்கள். சொந்தப் பெயர் வேண்டாம், தெருவும் கதவு எண்ணும் போடுங்கள். தன்னைப் பற்றிய தகவலை நோடு அவ்வப்போது தானே அனுப்பும். ஆள் மயங்கிக் கிடந்தாலும் விலாசம் போய்க்கொண்டிருக்கும். அப்புறம், செய்தியின் நீளம். ஒரு செய்திக்கு ஏறக்குறைய 200 பைட்தான் இடம். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட், "கொ" மாதிரி கொம்பும் காலும் சேர்ந்தால் ஆறு. அறுபது எழுபது குறிகளில் பெட்டி நிரம்பிவிடும். உங்கள் 7190 ஆளுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும், விலாசம் இரண்டாவது செய்திக்குத் தள்ளிப்போய் வழியில் தொலைந்திருக்கலாம். ஆகவே விலாசம் முதலில், விவரம் பிறகு. அவசரத்துக்கு ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் மூன்று மடங்கு இடம் கிடைக்கும்.

பொதுச் சானலில் டிக் வந்துவிட்டால் யாரோ படித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் ஏதோ ஒரு நோடு அதை மறுபடி ஒலிபரப்பியதை உங்கள் நோடு கேட்டது, அவ்வளவுதான் அதன் பொருள். இன்னொன்றும் கெஞ்சிக் கேட்கிறேன்: வீட்டு ஜன்னலில் இருப்பதையெல்லாம் 'ரௌட்டர்' என்று அமைக்காதீர்கள். ரௌட்டர் எப்போதும் மற்றவற்றுக்கு முந்திக்கொண்டு திருப்பி அனுப்பும். தாழ்வான இடத்தில் ஒன்று அப்படி இருந்தால், உயரத்தில் இருக்கும் நல்ல நோடு வாயை மூடிக்கொள்ளும், ஹாப்பும் வீணாகும். ஊருக்கு ஒன்றோ இரண்டோ போதும். மற்றதெல்லாம் 'கிளையன்ட்', அதாவது சாதாரண நோடு.

தாண்டிக்குடி காப்பித் தோட்டம்

ஆங்கில எழுத்தில் அடியுங்கள் என்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் ஓடைக்கு அந்தப்புறம் போனால் எந்தக் கம்பெனி சிக்னலும் கிடையாது. காட்டெருமை நடமாட்டம் உண்டு. அதனால்தான் மெஷ் போட்டோம். மேட்டில் இருக்கும் சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் நோடு வைத்தால்தான் இரண்டு பள்ளத்துக்கும் எட்டும். மிளகு பறிக்கும் அண்ணன் ஒருவர் ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, இடுப்புக் கயிற்றோடு தொங்கிக்கொண்டே பெட்டியைக் கட்டினார். ஆண்டெனாவை மாட்டாமல் பவர் கொடுத்தால் ரேடியோ கெட்டுவிடும் என்று கீழே இருந்து சொன்னேன். சரியாக அந்த வரிசையிலேயே செய்தார். நான் ஒரு மெசேஜ் அனுப்பினேன், பள்ளத்தில் இருந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் சந்தோஷத்தில் கத்தினோம்.

அவர் மேலே இருந்தபடியே கேட்டார்: "தம்பி, இதுல பேச முடியாதா?"

முடியாது அண்ணே, எழுத்து மட்டும்தான் என்றேன். "அப்ப எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அங்கே காட்டோரம் தனியாக வேலை செய்கிறவர் அவர்தான்.

அதற்குப் பிறகு பட்டன் வைத்த பெட்டி ஒன்றை அவருக்காகத் தயார் செய்தோம். முன்கூட்டியே எழுதி வைத்த செய்திகளை அதில் சேமிக்கலாம். ஒரு பட்டன் 'காட்டெருமை', இன்னொன்று 'ஆள் வாங்க'. செய்தி வந்தால் பஸ்ஸர் கத்தும். இப்போது இடுப்பில் செருகிக்கொண்டு போகிறார். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் அப்படியே நிற்கிறது.

வி.யு.3

பேச முடியாததை வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு பாடு? 2004 டிசம்பர் 26 சுனாமியன்று ஹாம் (தேர்வு எழுதி லைசன்ஸ் வாங்கிப் பேசும் அமெச்சூர் ரேடியோ) நிலையம் அமைக்கப் போயிருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேரில்தான் இருந்தார். அந்தமானிலிருந்து வெளியுலகத்துக்குப் பல செய்திகள் அவருடைய ரேடியோ வழியாகப் போயின. ஹாம் தேர்வு ஒன்றும் மலையைப் பிளக்கும் வேலையில்லை. நான் பயிற்சி கொடுக்கத் தயார்.

மெஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டத்தைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். இங்கே லைசன்ஸ் இல்லாமல் இதற்குப் பயன்படுத்தக் கிடைப்பது 865–868 மெகாஹெர்ட்ஸ், அனுப்பும் சக்தி 1 வாட்டுக்குள். விலை குறைவு என்று 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ பலகை வாங்கினால் பக்கத்து வீட்டு 865 அதைக் கேட்கவே கேட்காது. ஆப்பில் பிராந்தியம் 'இந்தியா' என்று இருக்க வேண்டும். ஹாம் அழைப்புக்குறியோடு (லைசன்ஸோடு தரும் அடையாளப் பெயர்) பயன்படுத்தினால் மறைகுறியாக்கத்தை அணைக்க வேண்டும், ஹாம் அலைவரிசையில் ரகசியம் பேசக் கூடாது.

தூத்தூர்க் கரை

உங்கள் சண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கரையில் நோடு சோதனை நடந்தது. உயரமான இடத்தில் ஒன்று, வள்ளத்தில் ஒன்று. கடலில் மறைக்க எதுவும் இல்லாததால் அருமையாக எடுத்தது. பையன்களுக்கு ஒரே உற்சாகம். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மா எல்லாவற்றையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கிட்டே வந்து அந்தச் சின்னப் பெட்டியைக் கையில் வாங்கி, ஆண்டெனாவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மக்கா, ஒக்கி அன்னைக்கு இது இருந்திருந்தா அவருக்கு எட்டியிருக்குமா?"

2017 நவம்பர் 30. எங்கள் ஊர்க்காரர்கள் ஆழ்கடலில், கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். கரையில் 30 மீட்டர் உயரம், படகில் 3 மீட்டர் உயரம் என்று வைத்தாலும் பூமியின் வளைவு 30 கிலோமீட்டர் வாக்கில் அலையை மறைத்துவிடும். நடுவில் வேறு படகுகள் வரிசையாக இருந்தால் தாவும்தான், ஆனால் அந்த அலையில் எந்தப் படகு எங்கே நின்றது?

"எட்டியிருக்காதும்மா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை அழுதிருப்பார், அதுகூட நன்றாக இருந்திருக்குமோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

கரை ஓரத்தில் வேலை செய்யும் வள்ளங்களுக்கு இது நல்ல பொருள். ஆழ்கடலுக்குச் சாட்டிலைட் கருவிதான். இதை ஆழ்கடல் பாதுகாப்பு என்று சொல்லி யாராவது விற்க வந்தால் கரையிலேயே நிறுத்துங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

மூணு ஹாப்

உயரத்தை ஏற்றினால் தூரம் கூடுமே? பலூன், பட்டம் இதிலெல்லாம் நோடு ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

தூத்தூர்க் கரை

புயலில் பட்டமா? வேண்டாம் தம்பி.

தாண்டிக்குடி காப்பித் தோட்டம்

வி.யு.3 சாருக்கு: பேச்சு அனுப்பும் வசதி மெஷ்டாஸ்டிக்கிலேயே இருக்கிறது, ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிப் வைத்த பலகையில் மட்டும். மரங்களுக்கு நடுவே அது எங்களுக்குத் தூரம் வராது. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஹாம் தேர்வு எப்படி எழுதுவார் என்றும் சொல்லுங்கள்.

புதுவை மொட்டைமாடி

எங்கள் நோடுகள் எல்லாவற்றுக்கும் தெருப் பெயரும் கதவு எண்ணும் போட்டாயிற்று. மூணு ஹாப் தம்பி கேட்டது: ஹாப் எத்தனை என்று அப்போது பார்க்கவில்லை, போனும் பிறகு தண்ணீரில் போய்விட்டது. புதுச்சேரி, வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கம் அந்த ராத்திரி நோடை இயக்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் நோடு பட்டியலில் 7190 இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.