விசுவாசிப்பதும் ஒரு கிரியைதானே? எபேசியர் 2:8 குறித்து ஒரு கேள்வி

கேள்வி எழுப்பியவர்: வகுப்பாசிரியர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில் திடப்படுத்தல் ஆராதனைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் மாலையில் நான் வகுப்பு எடுத்து வருகிறேன். சென்ற வாரம், “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்ற வசனத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் எழுந்து கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

நற்கிரியைகளால் இரட்சிப்பு இல்லை, விசுவாசித்தால் உண்டு என்றால், விசுவாசிப்பதும் நான் செய்கிற ஒரு காரியம்தானே என்று அவன் கேட்டான். நூறு கேள்விகள் கொண்ட வினாத்தாளுக்குப் பதிலாக ஒரே கேள்வி கொண்ட வினாத்தாளை வைத்திருக்கிறார்கள், தேர்வு என்னவோ தேர்வுதான் என்பது அவன் வாதம். பரிசு இலவசமாகவே கொடுக்கப்பட்டாலும் அதைக் கை நீட்டி வாங்கவேண்டும் அல்லவா என்று, வழக்கமாகச் சொல்லும் உவமையைச் சொன்னேன். அதற்கு அவன், “அப்படியானால் பெற்றவனுக்கும் பெறாதவனுக்கும் உள்ள வேறுபாடு கையில்தானே இருக்கிறது, பரிசில் இல்லையே” என்றான். விசுவாசமும் தேவன் தருவதே என்று சொல்லலாமா என்று நினைத்தேன். உடனே, அப்படியானால் விசுவாசியாதவன்மீது குற்றம் எப்படி வரும் என்று அவன் கேட்பான் என்பது தெரிந்ததால் வாயைத் திறக்கவில்லை. பையன் குறும்புக்காரன் அல்லன். உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டான். ஞானப்பாடப் புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. அறிந்தவர்கள் உதவவேண்டும்.

மறுமொழி 1: கிரேக்கம் கற்றவர்

ஐயா, உங்கள் மாணவன் கேட்டது சுமார் 1,600 ஆண்டுகளாகத் திருச்சபை கேட்டுவரும் கேள்வி. அவன் எதையும் திரித்துக் கேட்கவில்லை என்பதை முதலில் அவனிடமே சொல்லிவிடுங்கள்.

வசனத்தின் இலக்கணத்திலிருந்து தொடங்குவது நல்லது. “கிருபையினாலே” என்பதற்கும் “விசுவாசத்தைக்கொண்டு” என்பதற்கும் நம் பழைய மொழிபெயர்ப்பு வெவ்வேறு உருபுகளைக் கையாண்டிருப்பதைப் பாருங்கள். கிரேக்க மூலத்திலும் அப்படியே முன்னது காரணத்தையும் பின்னது வழியையும் குறிக்கின்றன. குழாயைக்கொண்டு தண்ணீர் வீட்டுக்கு வருகிறது என்றால், ஊற்று குழாயில் இருக்கிறது என்று யாரும் பொருள்கொள்வதில்லை. விசுவாசத்தினிமித்தம் இரட்சிக்கப்பட்டீர்கள் என்று பவுல் எங்கும் எழுதவில்லை. கால்வின் இதைப் பாத்திர உவமையால் விளக்கினார்: பொன் நிறைந்த மண்பானை ஒருவனைச் செல்வனாக்கலாம், ஆனால் விலைமதிப்பு பானையினுடையது அன்று.

அடுத்து, “இது உங்களால் உண்டானதல்ல” என்பதில் வரும் “இது” எதைச் சுட்டுகிறது? தமிழில் கிருபையும் விசுவாசமும் இரட்சிப்பும் ஒருங்கே அஃறிணை ஆதலால், இந்தச் சுட்டு எதனோடு வேண்டுமானாலும் சேரும். கிரேக்கத்தில் கிருபை, விசுவாசம் ஆகிய இரு சொற்களும் பெண்பால், சுட்டுச்சொல்லோ நடுப்பால். ஆகவே அது அவ்விரண்டில் ஒன்றை மட்டும் சுட்டாமல், இரட்சிக்கப்பட்டிருக்கும் நிகழ்வு முழுவதையும் சுட்டுகிறது என்பதே உரையாசிரியர் பலருடைய கருத்து. விசுவாசமும் அந்த நிகழ்வுக்குள் அடங்கியதுதான். இதில் ஐயம் எஞ்சினால் பிலிப்பியர் 1:29 ஐப் பாருங்கள். கிறிஸ்துவினிடத்தில் விசுவாசிப்பதும் நமக்கு “அருளப்பட்டிருக்கிறது” என்று அங்கே வெளிப்படையாகவே இருக்கிறது.

வரலாற்றில் இதை முதலில் தனக்குள்ளேயே போராடித் தீர்த்தவர் ஆதித் திருச்சபையின் பேராசான் அகுஸ்தீன். தொடக்கத்தில் அவரும், கிருபை தேவனுடையது, அதை ஏற்கும் விசுவாசம் நம்முடையது என்றே எண்ணியிருந்தார். 396ஆம் ஆண்டளவில் மிலானைச் சேர்ந்த சிம்ப்ளிசியானுஸ் எழுப்பிய வினாக்களுக்கு விடை எழுதும்போது, “உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?” என்ற 1 கொரிந்தியர் 4:7 அவரை மடக்கியது. மனிதனுடைய சுயாதீனத்தைக் காப்பாற்ற முயன்றேன், தேவனுடைய கிருபையே வென்றது என்ற பொருள்பட அவர் பிற்காலத்தில் எழுதினார். மனித முயற்சியை வலியுறுத்திய பெலாகியுஸ் என்ற போதகரோடு அவருக்கு ஏற்பட்ட விவாதம் இதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிந்தியது என்பதைக் கவனிக்கவேண்டும். அவர் எதிரியை மறுப்பதற்காக இந்த முடிவுக்கு வரவில்லை.

பெலாகியுசையும் நாம் கொடியவராகச் சித்திரிக்கத் தேவையில்லை. ரோமாபுரிக் கிறிஸ்தவர்களின் தளர்ந்த வாழ்க்கையைக் கண்டு மனம் நொந்து, கற்பனைகளைக் கைக்கொள்ள மனிதனால் முடியும், முயலுங்கள் என்று கண்டித்தவர் அவர். 418இல் கார்த்தேஜ் சங்கம் அவருடைய போதனையைத் தள்ளியது. ஆனாலும் நம் ஞாயிறு பிரசங்கங்களில் பாதியை அவர் கேட்டால் ஆமென் சொல்லியிருப்பார் என்பது என் சொந்தக் கருத்து.

மறுமொழி 2: கத்தோலிக்க வாசகர்

மேலே எழுதியவர் 418இல் நிறுத்திவிட்டார். உங்கள் மாணவனின் கேள்விக்கு நேரடியாக விடை சொன்ன சங்கம் அதற்குப் பிறகுதான் கூடியது. கால் நாட்டின் (இன்றைய பிரான்சின்) தென்பகுதித் துறவிகள் சிலர், கிருபை இன்றி இரட்சிப்பு இல்லை, ஆனால் விசுவாசத்தின் முதல் அசைவு மட்டும் நம்மிடமிருந்து தொடங்கலாம் என்று கருதினார்கள். கை நீட்டுவது நாம், நிரப்புவது கடவுள் என்ற உங்கள் உவமை ஏறத்தாழ அவர்களுடையதுதான். 529இல் ஆர்ல் நகரப் பேராயர் செசாரியுஸ் தலைமையில் ஓராஞ்சு நகரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் தொடக்கமும், விசுவாசிக்க வேண்டும் என்ற விருப்பமும்கூடக் கடவுளின் அருளால் வருவனவே என்று தீர்மானித்தது. அதே சங்கம், கடவுள் சிலரைத் தீமைக்கென்று முன்குறித்தார் என்ற கருத்தையும் கடுமையாகத் தள்ளியது. அந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று அது விளக்கவில்லை. அதைக் குறையாகக் கருதுவோர் உண்டு, நான் கருதவில்லை.

எங்கள் திருச்சபை செயல்களால் மீட்பு என்று போதிக்கிறது என்பது சீர்திருத்தச் சபை நண்பர்கள் பலரிடம் நான் கேட்டுச் சலித்த குற்றச்சாட்டு. 1547 ஜனவரி 13 அன்று திரெந்து சங்கம் வெளியிட்ட தீர்மானத்திலேயே, ஏற்புடைமைக்கு, அதாவது மனிதன் கடவுள்முன் நீதிமானாக ஏற்கப்படுவதற்கு, முந்திய எதுவும், அது நம்பிக்கையானாலும் செயலானாலும், அந்த அருளைச் சம்பாதிப்பதில்லை என்று இருக்கிறது. நம்பிக்கையையும் சம்பாத்தியத்திலிருந்து விலக்கிவைத்த இந்தச் சொற்றொடர் உங்கள் மாணவனுக்கு உரியது. அதே தீர்மானம், அருளால் தூண்டப்பட்ட மனிதன் அதற்கு இசையலாம், மறுக்கவும் கூடும் என்றும் சொல்கிறது. லூத்தருடைய வழியினரோடு சச்சரவு நீடித்தது பெரும்பாலும் இந்த ‘இசைதல்’ என்ற சொல்லைப் பற்றித்தான்.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும், நம்மூர்த் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் உறுப்பாக உள்ள உலக லுத்தரன் கூட்டமைப்பும் ஏற்புடைமை பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நாங்கள் சொல்லும் இசைவு மனிதனின் இயல்பான ஆற்றலிலிருந்து எழுவது அன்று, அதுவே அருளின் விளைவு என்று கத்தோலிக்கர் அதில் தெளிவுபடுத்தினார்கள். மனிதனால் ஒத்துழைக்க இயலாது என்று நாங்கள் சொல்லும்போது, அருளை மறுக்க அவனால் முடியும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை என்று லுத்தரன்கள் தெளிவுபடுத்தினார்கள். மெதடிஸ்டுகள் 2006இலும், சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் இதில் இணைந்தன.

சொல் பற்றியும் ஒரு செய்தி. “அருள் நிறைந்த மரியே” என்று நாங்கள் இப்போது சொல்லும் மன்றாட்டை என் பாட்டி “பிரியதத்தத்தினாலே பூரண மரியே” என்றுதான் சொல்லுவார். பிரியத்தினால் தரப்பட்டது என்பது அதன் பொருள். புரியாத சொல் என்று கைவிட்டோம். ஆனால் இந்த விவாதத்தில் எத்தனை பக்கங்கள் எழுதினாலும் சொல்லவேண்டியதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

வகுப்பாசிரியர்

இருவருக்கும் நன்றி. குழாய் உவமையை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பையனின் இரண்டாம் கேள்வி, அதாவது விசுவாசம் ஈவு என்றால் அது இல்லாதவன் எப்படிக் குற்றவாளி என்பது, இப்போது இன்னும் கூர்மையாகிவிட்டதே. மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்று சொல்லும் யாக்கோபு 2:24 ஐயும் அவன் எப்படியும் கண்டுபிடித்துவிடுவான்.

மறுமொழி 3: மெதடிஸ்டு குடும்பத்தவர்

யாக்கோபு பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். அவர் குறைகூறும் விசுவாசம் பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகிற விசுவாசம். ஐந்து வசனங்களுக்கு முன்னால் அவரே அப்படி எழுதியிருக்கிறார். பவுல் பேசுவது வேறு வகை விசுவாசத்தைப் பற்றி.

இரண்டாம் கேள்விதான் கடினமானது. கிருபையை எதிர்த்து நிற்க முடியாது என்று 1618–19இல் தோர்த் சங்கத்தில் கூடிய கால்வினிய சபைகள் முடிவுசெய்தன. முடியும் என்றவர்கள் ஆர்மினியுசின் வழிவந்தவர்கள். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பின்னவர்களின் பக்கம் நின்றார். ஆயினும், மனிதன் தன் சொந்த பலத்தால் தேவனிடம் திரும்ப முடியும் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. பாவத்தில் கிடக்கும் மனிதனிடம், அவன் கேட்குமுன்பே, அவன் அறியாமலே தேவன் வந்து அவன் சித்தத்தை ஓரளவு விடுவிக்கிறார். எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளி என்று யோவான் 1:9 சொல்வதை அவர் இப்படியே புரிந்துகொண்டார். அவர் சபையார் இதை முந்திவரும் கிருபை என்பார்கள். ஆகையால், மறுத்தவன் தனக்குக் கொடுக்கப்படாத ஒன்றுக்காகக் குற்றவாளி ஆவதில்லை. கொடுக்கப்பட்டதைத் தள்ளியதற்காகவே ஆகிறான். ஸ்தேவான் தன் நியாயாதிபதிகளைப் பார்த்து, நீங்கள் பரிசுத்த ஆவிக்கு எதிர்த்து நிற்கிறீர்கள் என்று சொன்னதும் இதுவே.

கை நீட்டும் உவமையை நீங்கள் கைவிட வேண்டாம். பரிசு வாங்கும் கையை விட்டுவிட்டு மாற்கு மூன்றாம் அதிகாரத்தின் கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெப ஆலயத்தில் சூம்பின கையையுடைய மனுஷனிடம் இயேசு, “உன் கையை நீட்டு” என்கிறார். அவனால் செய்ய முடியாதது அது ஒன்றுதான். அவன் நீட்டினான். நீட்டியது அவனுடைய கைதான், வேறு யாரும் அவனுக்காக நீட்டவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போய், நான் நீட்டினதால்தான் குணமானேன் என்று அவன் பெருமை பேசியிருப்பான் என்று நினைக்கிறீர்களா? கட்டளையிட்ட வார்த்தையே கீழ்ப்படியும் பெலனையும் கொண்டுவந்தது.

மற்றொன்று. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானபோது ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரும் ஒன்றாயினர். தோர்த்தின் பேரப்பிள்ளைகளும் வெஸ்லியின் பேரப்பிள்ளைகளும், இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்ளாமலே ஒரே பந்தியில் அமர்ந்தவர்கள்.

மறுமொழி 4: வைணவ வாசகர்

நான் கிறிஸ்தவன் அல்லன். தமிழ் பயிற்றுவித்து ஓய்வுபெற்றவன். அனுமதித்தால் ஒன்று சொல்கிறேன். இந்த வழக்கு எங்களிடமும் உண்டு. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் கவ்விச்செல்லும் பூனைக்குட்டி என்று வடகலை, தென்கலை வேறுபாட்டைச் சொல்வது பலரும் அறிந்தது. பலரும் அறியாதது, குரங்குக்குட்டியின் பிடி தாயின் பாய்ச்சலுக்குக் கூலி என்று வடகலை ஆசாரியரான வேதாந்த தேசிகர் சொல்லவில்லை என்பது. சரணாகதி ஒரு வியாஜம், அதாவது கொடுக்கக் காத்திருக்கும் பெருமானுக்கு ஒரு சாக்கு, அவ்வளவே. தென்கலையார் அந்தச் சாக்கையும் மறுத்து, நிர்ஹேதுக கிருபை, அதாவது காரணம் எதுவும் வேண்டாத கிருபை, என்பார்கள். உங்கள் வேதாகமத்தில் உள்ள அதே கிருபை என்ற சொல்தான்.

1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்று, இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு இந்தச் சொல் புதிதாகக் கற்கவேண்டிய சொல்லாக இருந்திராது என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. ஆனால் இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் மரபில் மன்னிப்புக்கு ஒரு விலை இருக்கிறது, அதை மன்னிப்பவரே சிலுவையில் செலுத்துகிறார். எங்கள் சரணாகதிக் கதைகளில் அதற்கு இணை கிடையாது.

வகுப்பாசிரியர்

ஐயா, உங்களுக்குத் தனி நன்றி. வியாஜம் என்ற சொல்லைப் பையன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

நேற்று வகுப்பு நடந்தது. “கொண்டு” என்ற உருபையும் சூம்பின கையையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவன் கேட்டான்: “அந்த ஜெப ஆலயத்தில் கை சூம்பினவர் இன்னொருவர் இருந்து, அவரிடம் இயேசு ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால்?” எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ஓராஞ்சில் கூடியவர்களும் அதற்குப் பதில் எழுதாமலே எழுந்து போனார்கள் என்றும் சொன்னேன். அதில் அவனுக்கு ஒருவித மகிழ்ச்சி ஏற்பட்டதைக் கண்டேன். திடப்படுத்தலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். வரும் ஞாயிறு யாக்கோபு நிருபம். இரண்டாம் அதிகாரத்தை இப்போதே வாசித்து முடித்திருப்பான் என்று அஞ்சுகிறேன்.