திறமூல மாநாட்டு மேடையில் தனியுரிம நிறுவனங்கள்: நீங்கள் பார்த்தது என்ன?

தொடக்கப் பதிவு

அரசு அலுவலர்களுக்காக நடந்த ஒரு திறமூல மென்பொருள் (ஓப்பன் சோர்ஸ், அதாவது எழுதிய மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிகிற மென்பொருள்) மாநாட்டில் எங்கள் தன்னார்வக் குழுவுக்கும் பேச இடம் கொடுத்திருந்தார்கள். லிப்ரெஆபீஸ் என்ற திறமூல அலுவலக மென்பொருளில் தமிழ்க் கோப்புகள் தயாரிப்பது பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தபோதே மனசு ஒப்பவில்லை. உயரதிகாரிகள் அரங்கில் இருக்கும் காலை நேரம் முழுக்க, மூலநிரலைத் தன்னிடமே பூட்டி வைத்துக்கொள்ளும் ஒரு தனியுரிம மென்பொருள் நிறுவனத்துக்குப் போயிருந்தது. செலவில் பெரும்பங்கு அவர்களுடையது என்றார் அமைப்பாளர்.

பேச வந்தவர் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, பாராட்டித்தான் பேசினார். தங்கள் கிளவுடில் (இணையவழிக் கணினிச் சேவையில்) லினக்ஸ்தான் ஓடுகிறது, தாங்களும் ஓப்பன் சோர்ஸ் குடும்பம்தான் என்றார். அப்புறம் அவர் விளக்கிக் காட்டியது, மூலநிரலை வெளியார் யாரும் பார்க்க முடியாத, ஆண்டுதோறும் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய ஒரு மென்பொருள். சாப்பாட்டு நேரத்தில் வட்டாட்சியர் அலுவலக ஊழியர் ஒருவர் என்னிடம் வந்து, "அப்ப நாங்க வாங்கி வெச்சிருக்கிறதும் ஓப்பன் சோர்ஸ்தானே சார்?" என்று கேட்டார். அவர்கள் வாங்கியிருந்தது அதே மென்பொருள். எங்கள் முறை வந்தபோது முன்வரிசை காலியாகிவிட்டது.

இந்த நிறுவனங்கள் திறமூலத்துக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்னவர் மைக்ரோசாப்டின் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர். 2016இல் அதே மைக்ரோசாப்ட் லினக்ஸ் பவுண்டேஷனில் சேர்ந்தது. 2018இல், திறமூல நிரல்கள் பலவும் பகிரப்படும் கிட்ஹப் தளத்தையே வாங்கியது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு நிரல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள்தான். நிரலாளர்கள் கூடும் மாநாட்டுக்கு இவர்கள் வந்தால் எனக்குக் கவலை இல்லை. அங்கே ஒருவர் "திறமூலம்" என்று சொன்னால், கேட்பவர் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து உரிமத்தைப் பார்த்துவிடுவார். அரசு மாநாட்டில் உட்கார்ந்திருப்பவர் டெண்டர் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர். மேடையில் கேட்டதை நம்பித்தான் அவர் போகிறார். என் கவலை முழுக்க இந்த வித்தியாசத்தில்தான். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

மறுமொழி, மாவட்ட அலுவலகக் கணினிப் பிரிவிலிருந்து

நான் வேறு மாதிரி பார்த்தேன். எங்களிடம் பல ஆண்டுப் பதிவுகள் ஒரு தனியுரிமத் தரவுத்தளத்தில் இருந்தன. வெளியே எடுக்க எந்த வழியும் தெரியவில்லை. கடிதம் எழுதினால் பதில் வராது, வந்தாலும் கட்டண விவரம்தான் வரும். மாநாட்டில் அந்த நிறுவனத்தின் ஸ்டால் இருந்தது. அடுத்த துறைக்காரர்களும் சூழ்ந்து நிற்கும்போது அந்தப் பொறியாளரிடம் நேராகக் கேட்டேன்: "இந்தத் தரவை நாங்க வேற மென்பொருளுக்கு மாத்தணும்னா, அட்டவணை அமைப்பை எழுதிக் கொடுப்பீங்களா?" அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் ஆவணம் வந்து சேர்ந்தது. அவர் அங்கே வராமல் இருந்திருந்தால் நான் யாரைக் கேட்டிருப்பேன்?

இன்னொன்று. மாநாட்டுக்கு வராதே என்றால் அவர்கள் பேசாமல் இருந்துவிடப் போவதில்லை. 2003இல் ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி லினக்ஸுக்கு மாற யோசித்தபோது, பால்மரே நேரில் போய் மேயரைச் சந்தித்தார். நகரம் அப்போது அசையவில்லை. ஆனால் 2017இல் அதே நகரசபை விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. மூடிய அறையில் நடக்கும் பேச்சைவிட எல்லாரும் கேட்கும் இடத்தில் நடப்பது எனக்கு மேல்.

இந்திய அரசின் 2015 திறமூலக் கொள்கையும் இதைத்தான் கேட்கிறது. மின்னாளுகைத் திட்டங்களில் திறமூலத்துக்கே முன்னுரிமை. அதை ஒதுக்கும் வழங்குநர் ஏன் ஒதுக்கினேன் என்று காரணம் எழுதித் தர வேண்டும். அந்தக் காரணத்தை மாநாட்டில் வாய்விட்டுச் சொல்லட்டுமே. நடைமுறையில் பல கோப்புகளில் அந்தப் பத்தி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

மறுமொழி, இடுக்கியில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்

கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் 2001இல் தொடங்கியபோது பாடம் தனியுரிம மென்பொருளைச் சுற்றித்தான் இருந்தது. ஆசிரியர்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்துப் பேசிப் பேசித்தான் குனு லினக்ஸுக்கு மாறியது. இன்று என் மாணவர்கள் தமிழிலேயே மெனு வரும் கணினியில் படிக்கிறார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களும் எங்களைப் போன்ற ஆசிரியர்களே. செலவு அரசுடையது என்பதால் பயிற்சி அரங்கில் எந்த நிறுவனத்தின் பேனரும் இருந்ததில்லை.

அதனால் யார் வரலாம் என்பதைவிட, வாடகையும் சாப்பாட்டுச் செலவும் யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். மக்கள் வரிப்பணத்தில் எது வாங்குவது என்று அலுவலர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சிக்கு, விற்பவர் காசு கொடுப்பது சரியே இல்லை.

மறுமொழி, கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலையில் இருப்பவர்

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடை ஏற்றுத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஆணை போட்டுவிட்டது. இன்றும் என் மேசைக்கு வரும் பழைய கோப்புகளில் பாதி, ஏதோ ஒரு நிறுவனத்தின் சொந்தக் குறியேற்றத்தில் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாட்டில்) இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே தெரியாது, தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. மாற்றியில் போட்டாலும் கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன. இந்த நிறுவனங்கள் மாநாட்டுக்கு வந்தால் நல்லதுதான். வரும்போது குறியேற்ற அட்டவணையைக் கையோடு கொண்டுவந்து பொது உரிமத்தில் கொடுக்கட்டும்.

தொடக்கப் பதிவு எழுதியவர்

கணினிப் பிரிவு நண்பர் சொன்னதைப் படித்த பிறகு, ஸ்டால் கூடாது என்று கேட்பதில்லை என்று எங்கள் குழுவில் முடிவு செய்தோம். அமைப்பாளர்களிடம் எழுதிக் கொடுத்திருப்பது இவ்வளவுதான்: ஸ்பான்சர் தொகைக்கும் பேசும் நேரத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. மேடையில் காட்டப்படும் மென்பொருளின் மூலநிரல் எங்கே கிடைக்கும், எந்த உரிமத்தில் கிடைக்கும் என்பது நிகழ்ச்சி நிரலிலேயே அச்சாக வேண்டும். தரவை வெளியே எடுக்கும் வழி பற்றி அலுவலர்கள் கேள்வி கேட்க ஒரு மணி நேரம், அதிகாரிகள் இருக்கும் காலையிலேயே.

முதல் நிபந்தனைக்கு அமைப்பாளர் தயங்குகிறார், அரங்க வாடகைக்கு என்ன செய்வது என்கிறார். ஒரு அரசுப் பொறியியல் கல்லூரியின் அரங்கைக் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.