ஆலமரத்து வீடு குழு: பெரியப்பாவின் மார்பின் மாத்திரை

மதுரை அண்ணன்: அப்பா நேற்றும் தூங்கவில்லை. புற்றுநோயால் வந்த இடுப்பெலும்பு வலி. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் மார்பின் எழுதிக் கொடுத்தார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. மாத்திரை ஒன்று, இரவு பத்துக்கு மட்டும் இரண்டு மாத்திரை.

சின்ன அத்தை: மார்பினா? அது கடைசி நேரத்தில் கொடுப்பதாயிற்றே. டாக்டர் என்ன சொன்னார், மறைக்காமல் சொல் தம்பி.

மதுரை அண்ணன்: ஐயோ அத்தை, வலிக்குத்தான்.

துபாய் சித்தப்பா: (வீடியோ, பலமுறை பகிரப்பட்டது) அமெரிக்காவில் இந்த வகை மருந்தால் லட்சக்கணக்கில் செத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நர்ஸ் அக்கா: டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். சித்தப்பா, அந்தக் கதை பொய்யில்லை. 1996-இல் ஆக்சிகான்டின் என்ற மார்பின் வகை வலி மாத்திரை வந்தபோது, அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி முதுகுவலிக்கெல்லாம் எழுத வைத்தார்கள். அதைத் தயாரித்த கம்பெனி 2007-இலும் 2020-இலும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நம் ஊர்ச் சிக்கல் நேர் எதிர். 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்தபின், அதன் கெடுபிடியால் பல ஆஸ்பத்திரிகள் மார்பின் வாங்குவதையே விட்டுவிட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தியும், எல்லா மெடிக்கலிலும் கிடைத்துவிடாது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் மார்பின் எடுக்கும் அபின் அரசு அனுமதியோடு விளைகிறது, நம் நோயாளிகள் வலியில் கத்துகிறார்கள். எனக்குக் கோபமே இதில்தான்.

மதுரை அண்ணன்: வாங்கிவிட்டோம் அக்கா. ஆனால் அம்மா ரொம்ப வலித்தால் மட்டும், அதுவும் பாதி மாத்திரைதான் கொடுக்கிறார்.

நர்ஸ் அக்கா: பிறகு எப்படித் தூங்குவார்? மணி பார்த்துக் கொடுத்தால்தான் வலி தலைதூக்காது. இரவு இரண்டு மாத்திரை எழுதியதே, நடுராத்திரி எழுப்பாமல் விடியும்வரை தூங்கட்டும் என்றுதான்.

பெரியம்மா: (குரல் பதிவு 1:42)

மதுரை அண்ணன்: பழகிவிட்டால் விட முடியாதாமே, பின்னால் வலி கூடும்போது மருந்து கேட்காமல் போய்விடுமே என்று மிச்சம் பிடிக்கிறாராம்.

நர்ஸ் அக்கா: பெரியம்மா, பாராசிட்டமால் போல இதற்கு இவ்வளவுதான் என்ற உச்ச அளவு கிடையாது. வலி கூடினால் டாக்டர் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார். மிச்சம் பிடிக்க வேண்டாம். உடம்பு பழகும் என்பது உண்மை, அதனால் திடீரென நிறுத்தக் கூடாது. ரேடியேஷனில் வலி குறைந்தால் படிப்படியாகக் குறைப்பார்கள். ஆனால் உடம்பு பழகுவது வேறு, போதைக்காகத் தேடி அலைவது வேறு. புற்றுநோய்க்காரர்களுக்கு அது வரவே வராது என்று சொல்ல மாட்டேன். முன்பு குடிப்பழக்கம் இருந்தவர்களைக் கூடுதலாகக் கவனிப்போம்.

சின்ன அத்தை: தூக்கம்தான் பிரச்சினை என்றால் என் தூக்க மாத்திரையில் ஒன்று கொடுத்தனுப்பட்டுமா?

நர்ஸ் அக்கா: வேண்டவே வேண்டாம் அத்தை! மார்பினோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம். நீங்கள் எல்லாரும் பயப்பட வேண்டியது இதற்குத்தான். முதல் சில நாள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும், போய்விடும். தட்டி எழுப்பியும் எழாமல் மூச்சு மெதுவாகிவிட்டால் உடனே 108. அடுத்த மாத்திரை கொடுக்காதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, கைகால் வெட்டி வெட்டி இழுத்தாலோ டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மருந்தின் கழிவு சிறுநீரகம் வழியாகத்தான் போகிறது, அது மந்தமானால் உடம்பிலேயே தேங்கும்.
அப்புறம், தானாகப் போகாத ஒன்று மலச்சிக்கல். சிரப் எழுதியிருப்பார்களே?

மதுரை அண்ணன்: லாக்டுலோஸ். இன்னும் திறக்கவே இல்லை.

நர்ஸ் அக்கா: இன்றைக்கே திற. நாலு நாள் போகாமல் வயிறு கல்லான பிறகு, மார்பினே வேண்டாம் என்பார். வேறு எதையும்விட இதற்காக மாத்திரையை நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சின்ன அத்தை: இசப்கோல்?

நர்ஸ் அக்கா: இதற்கு ஆகாது அத்தை. குடலே மெதுவாக ஓடும்போது, தண்ணீரும் குறைவாகக் குடித்தால் அடைத்துக்கொள்ளும்.

துபாய் சித்தப்பா: பாப்பா, ஒட்டினால் மூன்று நாள் வலி தெரியாத பேட்ச் இருக்கிறதாமே. இங்கிருந்து வாங்கி அனுப்பட்டுமா?

நர்ஸ் அக்கா: சித்தப்பா, பெரும்பாலும் அது நீங்கள் அனுப்பிய வீடியோவில் வரும் அதே ஃபென்டனில் என்ற மருந்துதான்! அனுப்பினால் உங்களைத்தான் பிடித்து வைப்பார்கள். பெரியப்பாவால் விழுங்க முடியாமல் போனால் டாக்டரே அதை யோசிப்பார்.

துபாய் சித்தப்பா: சரிம்மா.

நர்ஸ் அக்கா: தம்பி, மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டு, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. கொடுத்த நேரத்தை ஒரு நோட்டில் எழுது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆட்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வை.

மதுரை அண்ணன்: நாளைக்கே போகிறேன். இப்போது மணி ஆறு, அம்மா முழு மாத்திரை கொடுத்துவிட்டார்.

சின்ன அத்தை: மோர் கொடுக்கலாமா அண்ணனுக்கு?

நர்ஸ் அக்கா: தாராளமாக. நிறையக் கொடுங்கள்.