மீட் த பிரஸ்: டிம் ரஸர்ட் காலத்தை ஏன் எல்லாரும் இவ்ளோ தூக்கி வச்சு பேசுறாங்க?

எலக்‌ஷன்பித்து:
அமெரிக்க சேனல் என்பிசியோட அரசியல் பேட்டி ப்ரோகிராம் மீட் த பிரஸ், இப்போ ரெகுலரா யூடியூப்ல பாக்குறேன். 1947 நவம்பர்ல ஆரம்பிச்சு இன்னும் ஓடிட்டிருக்கு, அமெரிக்க டிவில இவ்ளோ காலம் ஓடின ப்ரோகிராம் வேற இல்லையாம். 2023லேர்ந்து கிறிஸ்டன் வெல்கர் நடத்துறாங்க, கேள்வியெல்லாம் நல்லாத்தான் கேக்குறாங்க, ஆனா வர்றவங்க கேட்டதை விட்டுட்டு மனப்பாடம் பண்ணிட்டு வந்ததை ஒப்பிச்சிட்டு கிளம்பிடுறாங்க. கமெண்ட்ல எங்க பாத்தாலும் "ரஸர்ட் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டார்"னு ஒரே பேச்சு. அப்படி என்னதான் பண்ணார் அவர்? எதுலேர்ந்து பாக்க ஆரம்பிக்கலாம்?

பழையடேப்:
ப்ரோ, 1991லேர்ந்து 2008ல இறந்து போற வரைக்கும் அவர்தான் நடத்தினார். சட்டம் படிச்சவர், செனட்டர் மொய்னிஹன்கிட்டயும் நியூயார்க் கவர்னர் மரியோ க்வோமோகிட்டயும் வேலை பாத்துட்டு டிவிக்கு வந்தவர், அதனால அரசியல்வாதி எந்த சந்துல நழுவுவான்னு உள்ளேர்ந்தே தெரியும். வர்றவர் முன்னாடி என்ன சொன்னார்னு தேடி எடுத்து, தேதியோட ஸ்க்ரீன்ல போட்டு, வாசிச்சு காட்டிட்டு, இப்போ ஏன் மாத்தி பேசுறீங்கன்னு கேப்பார். குரலே உயராது. 1991ல லூசியானா கவர்னர் தேர்தல்ல கு க்ளக்ஸ் க்ளான்ங்கிற வெள்ளை இனவெறி அமைப்போட பழைய தலைவர் டேவிட் ட்யூக் நின்னப்போ, உங்க மாநிலத்துல அதிகம் பேருக்கு வேலை குடுக்குற கம்பெனிங்க எதுன்னு கேட்டார், அந்தாளுக்கு பதில் தெரியல. வேலைவாய்ப்பு கொண்டு வருவேன்னு பேசின ஆள் அவர். அதை அவசியம் பாருங்க.

நெல்லிமரம்:
ரஸர்ட் பெரிய ஆள்தான், ஒத்துக்கறேன், ஆனா ஈராக் போர் விஷயத்தை விட்டுட்டு அவரைப் பத்தி பேசக்கூடாது. 2002 செப்டம்பர் 8ம் தேதி துணை அதிபர் டிக் சேனி அங்க உக்காந்து, அன்னிக்கு காலைல நியூயார்க் டைம்ஸ்ல வந்த, ஈராக் அலுமினிய குழாய் வாங்கப் பாக்குதுங்கிற செய்தியையே ஆதாரமா காட்டி ஈராக் அதிபர் சதாம் அணுகுண்டுக்கு தயாராகுறார்னு பேசினார், பெரிய எதிர்ப்பில்லாம போயிடுச்சு. அப்புறம் 2007ல சேனியோட தலைமை அதிகாரியா இருந்த ஸ்கூட்டர் லிபி மேல வழக்கு நடந்தப்போ சேனிகிட்ட மீடியா வேலை பாத்த கேத்தி மார்ட்டினோட குறிப்புகள் கோர்ட்டுக்கு வந்துச்சு, மீட் த பிரஸ்க்கு சேனியை அனுப்பினா சொல்ல வேண்டிய சேதி நம்ம கைலயே இருக்கும்ங்கிற அர்த்தத்துல எழுதியிருந்தாங்க. கண்டிப்பானவர்னு பேர் எடுத்தவர் முன்னாடி போய் உக்காந்து எழுந்தாலே சொன்னது உண்மைங்கிற மாதிரி ஆயிடுது, எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம்.

பழையடேப்:
குழாய் விஷயத்துல நீங்க சொல்றது சரி. ஆனா 2003 மார்ச் 16, போருக்கு சில நாள் முன்னாடி, அதையும் பாருங்க. நம்மளை விடுதலை பண்ண வந்தவங்களா பாக்காம ஆக்கிரமிக்க வந்தவங்களா பாத்து ஈராக் மக்கள் எதிர்த்தா, நீளமான ரத்தக்களரிக்கு அமெரிக்க மக்கள் தயாரான்னு ரஸர்ட் கேட்டார். அப்படி ஆகாது, விடுதலை பண்ண வந்தவங்கன்னு வரவேற்பாங்கன்னு சேனி சொன்ன பதில் இன்னிக்கு வரைக்கும் அவர் பேரோட ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னா அந்த கேள்வியாலதான்.

ஞாயிறுகாப்பி:
ரெண்டு பேரும் ரஸர்ட்டோடவே நின்னுட்டீங்க. ஆரம்பத்துல இதை மார்த்தா ரவுன்ட்ரீங்கிற பெண்மணிதான் நடத்தினாங்க, அவங்களும் லாரன்ஸ் ஸ்பிவாக்கும் சேர்ந்து உருவாக்கினது, ஒரு ஆளை நடுவுல வச்சு பல நிருபர்கள் மாத்தி மாத்தி கேப்பாங்க. 1963 ஆகஸ்ட் 25 எபிசோட் பாருங்க. கறுப்பின மக்களோட உரிமைக்கான வாஷிங்டன் பேரணிக்கு 3 நாள் முன்னாடி அந்த இயக்கத் தலைவர்கள் மார்ட்டின் லூதர் கிங்கும் ராய் வில்கின்ஸும் வந்தாங்க, முதல் கேள்வியே லட்சம் பேர் கூடினா கலவரம் வராதாங்கிற தொனியில இருக்கும், அவங்க பதட்டப்படாம பதில் சொல்வாங்க. எனக்கு அந்த அரைமணி நேரம் பெருசு.

இன்னொண்ணு, மடக்கினாத்தான் செய்தி வரும்னு இல்ல. 2012 மே மாசம், அப்போ நடத்திட்டிருந்த டேவிட் கிரிகரி சாதாரணமா கேட்டதுக்குத்தான் அப்போதைய துணை அதிபர் பைடன் ஒரே பாலினத்தவர் கல்யாணத்துல தனக்கு சங்கடமே இல்லைன்னு சொன்னார், மூணே நாள்ல ஒபாமாவும் ஆதரவை அறிவிக்க வேண்டியதாச்சு.

எலக்‌ஷன்பித்து:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். 2002 செப்டம்பரையும் 2003 மார்ச்சையும் அடுத்தடுத்து பாக்கப் போறேன், நெல்லிமரம் சொன்னதுக்கப்புறம் தனித்தனியா பாக்க மனசு வரல. 1963 வீடியோ முழுசா எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க லிங்க் போடுங்க.